ஜெய்சால்மேர்: கோட்டைக்கு வெளியே தங்குங்கள், காலையில் ஏறுங்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் வயதான பெற்றோரையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஜெய்சால்மேர் போகவிருக்கிறீர்கள். கோட்டைக்குள் இருக்கும் விடுதியில் தங்கலாமா, மணல்மேட்டு முகாமில் ஓர் இரவு கழித்தே ஆகவேண்டுமா, ஊருக்குள் இரண்டு நாள் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் தங்காதீர்கள், மதிலுக்கு வெளியே, கோட்டை தெரிகிற மொட்டைமாடி உள்ள விடுதியாகப் பாருங்கள். மணல்மேட்டுக்கு ஒரு மாலை போய்த் திரும்பினால் போதும், இரவு அங்கே வேண்டாம். மிச்சமாகும் நேரம் முழுவதையும் கோட்டைக்கும் ஊருக்கும் கொடுங்கள். பயண நிறுவனங்களின் திட்டங்களில் கோட்டைக்கு இரண்டு மணி நேரம், முகாமுக்கு ஒரு மாலையும் ஓர் இரவும் என்று ஒதுக்கியிருப்பார்கள். அதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள்.

கோட்டைக்குள் தங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் தண்ணீர். சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் அந்த ஊரில் பார்க்கும் எல்லாவற்றுக்கும் ஒரு சாவி கிடைத்துவிடும்.

'பாட்டி' (Bhati) என்ற ராஜபுத்திர குலத்தைச் சேர்ந்த அரசர் ராவல் ஜெய்சல், 1156இல் தன் தலைநகரை லோதுர்வாவிலிருந்து இந்தத் திரிகூட மலைக்கு மாற்றினார். மலை என்றாலும் சுற்றியுள்ள தரையிலிருந்து சுமார் 76 மீட்டர் உயரம்தான். அதன்மேல் மஞ்சள் மணற்கல்லில் எழுந்த கோட்டையின் மதிலில் 99 கொத்தளங்கள். அவற்றில் 92 பதினேழாம் நூற்றாண்டில், 1633க்கும் 1647க்கும் இடையே கட்டப்பட்டவை. இந்தக் கொத்தளங்களுக்குள்ளே இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். வீடு, கோயில், மளிகைக்கடை, துணி காயும் கொடி, திண்ணையில் உட்கார்ந்து பேசும் கிழவிகள் என்று எல்லாம் உள்ள ஊர் அது. 2013இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அவற்றில் ஒன்றானது.

அங்கே ஆண்டு மழை சராசரியாக 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. கோட்டையைக் கட்டியவர்கள் அதை மனத்தில் வைத்தே கட்டினார்கள். தட்டையான கூரைகளில் கனமாக மண்ணைப் பரப்பினார்கள். எப்போதாவது பெய்கிற மழை தேங்காமல் மலையிலிருந்து வெளியேற, நாலா பக்கமும் 'குட் நாலி' என்ற வடிகால்களை அமைத்தார்கள். வீட்டுத் தேவைக்கான தண்ணீரைப் பெண்கள் கீழே ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து ஏறினார்கள். அப்படிச் சுமந்த தண்ணீரில் ஒரு சொட்டு வீணாகுமா? பிற்பாடு குழாய் வந்தது. சுற்றுலா வந்தது. ஒவ்வொரு விடுதி அறைக்கும் ஒரு குளியலறை, ஷவர், ஃபிளஷ் வந்தன. வடிகால்கள் அடைபட்டன, சில இடங்களில் அவற்றின்மேலேயே கட்டடங்கள் எழுந்தன. மேலே கொட்டுகிற தண்ணீர் மலைக்குள் இறங்குகிறது. அந்த மலை முழுக்கக் கெட்டிப் பாறை இல்லை. இடையிடையே களிமண் அடுக்குகள் உண்டு. நனைந்தால் அவை இளகி நழுவுகின்றன, மேலே நிற்கும் மதில் விரிகிறது.

1998இல் வெளி மதில் சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மேலும் சில கொத்தளங்கள் விழுந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டையைச் சேர்த்தது. சீரமைப்பு வேலைகள் நடந்திருக்கின்றன, நடந்துகொண்டும் இருக்கின்றன. ஆனாலும் 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி மறுபடியும் சரிந்தது.

உள்ளே விடுதி நடத்தும் குடும்பங்களைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கம் அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களுக்கு இன்று இருக்கும் வருமானம் சுற்றுலா ஒன்றுதான். வடிகாலைச் சரியாகப் பராமரித்தால் எங்கள்மேல் ஏன் பழி வரப்போகிறது என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: கோட்டைக்குள் சாப்பிடுங்கள், தேநீர் குடியுங்கள், துணிமணி வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், காசு அங்கேயே புழங்கட்டும். குளிப்பதையும் தூங்குவதையும் மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் முழு அழகு தெரிவதும் வெளியிலிருந்துதான். உள்ளே படுத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாது.

நாட்களை எப்படி வகுப்பது என்றால், அந்த ஊரின் சூரியனை முதலில் கணக்கில் கொள்ளுங்கள். நாட்டின் மேற்கு ஓரம் என்பதால் டிசம்பர் இறுதியில் ஏழரை மணிக்குத்தான் விடியும். ஆறு மணிவாக்கில் அஸ்தமனம். குழந்தையை அடித்துப் பிடித்து எழுப்ப வேண்டியதில்லை. ஏழே கால் மணிக்குக் கடீசர் ஏரிக்கரையில் இருந்தால் போதும்.

கடீசரைப் பலரும் படகுச் சவாரிக்கான இடமாக மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள், எனக்கு அது வருத்தம். குழாய் வரும்வரை ஊரே அந்த ஏரியைத்தான் நம்பியிருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் மகாராவல் கட்ஸி சிங் அதைத் திருத்திப் பெரிதாக்கினார்; ஏரியின் பெயரும் அவர் பெயரிலிருந்தே வந்தது. மழை நீர் வழிந்தோடி வரும் நிலப்பரப்பு முழுவதையும் அந்தக் காலத்தில் துப்புரவாக வைத்திருந்தார்கள். இப்போது இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வருவதால் கோடையிலும் ஏரி வற்றுவதில்லை. நீருக்குள் நிற்கும் மண்டபங்களுக்குப் பின்னால் சூரியன் எழும்பும்போது, அப்படியே திரும்பி கோட்டையைப் பாருங்கள். அந்த வெளிச்சத்தில்தான் மஞ்சள் கல் பொன்னாகிறது. ஏரிக்குப் போகும் வழியில் நிற்கும் வாசலுக்குத் தீலோன் கி போல் என்று பெயர். தீலோன் என்ற கணிகை அதைக் கட்டினாள் என்றும், தாசி கட்டிய வாசல் வழியாக நான் போவதா என்று அரசர் இடிக்கச் சொல்லிவிடக்கூடும் என்பதால் அதன் உச்சியில் ஒரு கிருஷ்ணர் கோயிலை வைத்துவிட்டாள் என்றும் ஊரில் சொல்கிறார்கள். வாசல் இன்றும் நிற்கிறது. மகளிடம் அங்கேயே நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏரியில் கெளுத்தி மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து வாயைப் பிளக்கும், அவளுக்குப் பிடித்துப்போகும்.

ஏரியிலிருந்து நேராகக் கோட்டைக்கு. ஏறுமுன் கோபா சௌக்கைக் கடப்பீர்கள். ஆட்டோக்களும் கடைகளும் நிறைந்த அந்தச் சதுக்கம் சாகர்மல் கோபாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சமஸ்தான ஆட்சியின் கொடுமைகளை எழுதியதற்காக 1941இல் சிறைபிடிக்கப்பட்டு, 1946 ஏப்ரலில் ஜெய்சால்மேர் சிறையிலேயே தீக்காயங்களால் இறந்த விடுதலைப் போராட்டக்காரர். அரண்மனைகளைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்கள். கல் பாவிய ஏற்றம், செங்குத்து இல்லை என்றாலும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். பெற்றோருக்கு முழங்கால் வலி இருந்தால் உள்ளே தசரா சௌக் வரை ஆட்டோவிலேயே ஏறிவிடலாம். வாசல்களில் திருப்பங்கள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்று கவனியுங்கள்: யானையோ குதிரைப்படையோ வேகம் பிடித்து வந்து கதவை மோத இடம் கொடுக்கக் கூடாது. மதிலின் உச்சியில் உருண்டைக் கற்கள் வரிசையாக வைத்திருப்பது தெரியும். முற்றுகையிடுகிறவர்கள் தலையில் உருட்டிவிடுவதற்காகத்தான். முற்றுகைகளும் குறைவில்லை. 'இரண்டரை சாக்கா' என்று ஊர் நினைவில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு முறை பெண்கள் தீயில் இறங்கினார்கள், ஆண்கள் வெளியே பாய்ந்து போரிட்டு மாண்டார்கள். மூன்றாவது முறை தீ மூட்டக்கூட அவகாசம் இல்லாமல் ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களைத் தாங்களே வெட்டினார்கள், அதற்குப் பின் உதவிப்படை வந்து கோட்டை தப்பிவிட்டதால் அது அரை என்கிறார்கள். வழிகாட்டிகள் இதைப் பெருமிதமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடும்.

உள்ளே முதலில் சமணக் கோயில்களுக்குப் போங்கள், அரண்மனை காத்திருக்கும். இதைச் சொல்லக் காரணம், கோயில்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. முற்பகலில் போவதே உத்தமம். தோல் பெல்ட், பர்ஸ் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அறையிலேயே வைத்துவிடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட ஏழு கோயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவழிகளால் இணைந்திருக்கின்றன. பார்சுவநாதர் கோயில் தோரணத்தின் முன் நின்றால் நேரம் போவதே தெரியாது.

சம்பவநாதர் கோயிலுக்கு அடியில் இருக்கும் ஞான பண்டாரத்தை நம் ஊர்க்காரர்கள் தவறவிடக் கூடாது. ஜினபத்ர சூரி பதினைந்தாம் நூற்றாண்டில் நிறுவிய சுவடிக் களஞ்சியம் அது. பொதுப் பார்வைக்கு வைத்திருப்பவை கொஞ்சம்தான். ஆனால் ஓலைச்சுவடி என்றால் எழுத்தாணியால் கீறி, மையைத் தடவித் துடைப்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். இங்கே மேற்கிந்தியச் சமணர்கள் ஓலையின் மேல் மசியால் நேரடியாக எழுதினார்கள். மேலும் கீழும் வைக்கும் மரப்பலகைகளில் வண்ண ஓவியம் தீட்டினார்கள். நம் ஈரக் காற்றில் சில நூற்றாண்டுகளுக்குள் நைந்துபோகும் ஓலை, இந்த வறட்சியில் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. தண்ணீர் இல்லாமையும் ஒரு காவல்தான் என்பதை அந்தச் சுவடிகளின் முன் நின்றபோதுதான் நான் உணர்ந்தேன்.

அரண்மனை அருங்காட்சியகத்தில் குறுகிய படிகள் அதிகம். பெரியவர்கள் கீழே தசரா சௌக்கில் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும், நீங்களும் மகளும் மேலே போய்வாருங்கள். உச்சி மாடியிலிருந்து கோட்டை, ஊர், அப்பால் விரியும் வெட்டவெளி மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும்; அது ஒன்றுக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

வெயில் தாழ்ந்தபின் கீழே ஹவேலிகளுக்கு, அதாவது பழைய வணிகர் மாளிகைகளுக்குப் போங்கள். பட்வா ஹவேலி என்பது ஒரே வீடு அல்ல; குமான்சந்த் பட்வா என்ற சமண வணிகர் தம் ஐந்து மகன்களுக்காக 1805இல் தொடங்கிய ஐந்து மாளிகைகளின் தொகுதி. எதிரே நிற்கும் தெரு மிகக் குறுகல், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். வெயில் சுவர்மீது விழாதபடி ஒரு சன்னலின் நிழல் இன்னொன்றை மூடுகிறது. கல் சல்லடைகள் காற்றை மட்டும் வடிகட்டி உள்ளே அனுப்புகின்றன. இவ்வளவு செல்வம் ஒரு பாலைவனத்தில் எப்படி வந்தது? சிந்துவுக்கும் குஜராத்துக்கும் டெல்லிக்கும் இடையே ஒட்டக வணிகம் இந்த ஊர் வழியாகத்தான் நடந்தது. பட்டு, அபின், அவுரி, உலர்பழம் எல்லாவற்றுக்கும் இங்கே சுங்கம். பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் வந்து அந்த வழியைத் தேய்த்தன. 1947இல் எல்லைக்கோடு விழுந்து சிந்துப் பக்கம் முற்றாக அடைபட்டது. பிறகு பாகிஸ்தானுடனான போர்களின் காரணமாகத்தான் இங்கே நல்ல சாலைகள் வந்தன.

நத்மல் ஹவேலி 1885இல் முடிந்தது. இரண்டு சகோதரச் சிற்பிகள் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினார்கள். பார்வைக்கு இரு பாதியும் ஒன்றுபோல் தெரியும். நிதானித்துப் பார்த்தால் எங்குமே ஒன்றாக இருக்காது. மகளை வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு.

இரண்டாம் நாள் வண்டி அமர்த்திக்கொண்டு காலையில் லோதுர்வா. பழைய தலைநகரில் இன்று மிஞ்சியிருப்பது 1615இல் புதுப்பித்த பார்சுவநாதர் கோயில்தான், ஆனால் கூட்டமே இருக்காது, பெற்றோருக்கு இதம். திரும்பும் வழியில் படா பாக். அரச குடும்பத்தின் நினைவு மண்டபங்களைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் அணையையும் அதன் கீழ் பசேலென்று நிற்கும் தோட்டத்தையும் பாருங்கள். பாலையில் ஓர் அரசன் தன் பெயர் நிலைக்க அணை கட்டினான் என்பது எவ்வளவு பொருத்தம்!

மதியத்துக்கு மேல் குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப் போன கிராமம். திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் ஒரே இரவில் எண்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் காலியாயின, சாபம் இட்டுப் போனார்கள், இன்றும் பேய் உலாவுகிறது என்றெல்லாம் சொல்லிச் சுற்றுலா நடக்கிறது. வரிக்கொடுமை நிஜமாக இருந்திருக்கலாம். கிணறுகள் வற்றியதும் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிலநடுக்கத்தைச் சொல்பவர்களும் உண்டு. பேய்க் கதைக்காகப் போகாதீர்கள். பாலிவால்களின் உண்மையான பெருமை 'கடீன்' என்ற வேளாண்மை. சரிவின் அடியில் நீண்ட மண்கரை போட்டு, பாறைமேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, அது நிலத்தில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தார்கள். 20 சென்டிமீட்டர் மழையில் கோதுமை! அந்தக் கடீன்களில் சில இன்றும் உழப்படுகின்றன. வழியில் டிசம்பரில் பச்சைத் துண்டு ஏதாவது தென்பட்டால், வண்டியை நிறுத்தச் சொல்லி ஓட்டுநரிடம் விசாரியுங்கள்.

அங்கிருந்து சாம் மணல்மேடு. ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒட்டகத்தில் குழந்தையை ஏற்றுவதாக இருந்தால் விலையை ஏறுமுன் பேசிவிடுங்கள்: எவ்வளவு நேரம், எதுவரை, ஆளுக்கா ஒட்டகத்துக்கா. ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். குழந்தையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். ஜீப்பில் மணல்மேட்டைக் குதறிக்கொண்டு ஓடும் சவாரியை நான் யாருக்கும் சொல்வதில்லை, முதுகு வலியுள்ள பெற்றோருக்கு நிச்சயமாக வேண்டாம். அமைதியான மணல் வேண்டுமென்றால் தென்மேற்கே உள்ள குரி கிராமம் சாமைவிட மேல்.

முகாமில் இரவு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ஆண்டு இறுதி வாரத்தில் முகாம்கள் நிரம்பி வழியும், ஒலிபெருக்கி அடுத்த முகாமின் ஒலிபெருக்கியோடு போட்டிபோடும், வெப்பநிலை ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். உங்கள் பெற்றோர் கூடாரத்தில் தூங்க மாட்டார்கள். ஆனால் இசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாங்கணியார்கள் இந்த வட்டாரத்தின் பரம்பரை இசைக்கலைஞர்கள்; முஸ்லிம்கள். ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடுவது அவர்கள் உரிமை. கிருஷ்ணனையும் பாடுவார்கள், சூஃபிப் பாடலும் பாடுவார்கள். வில்லால் இழைத்து வாசிக்கும் கமாய்ச்சாவில் மேதையான சாகர் கான் இந்த மாவட்டத்து ஹமீரா கிராமத்துக்காரர்; 2012இல் பத்மஸ்ரீ பெற்றார், அடுத்த ஆண்டு மறைந்தார். முகாமில் சினிமாப் பாட்டைக் கேட்டு நச்சரிப்பவர்களுக்கு நடுவில் கமாய்ச்சா எடுபடாது. உங்கள் விடுதிக்காரரிடம் சொல்லிவைத்தால், இரண்டு மூன்று கலைஞர்களை மாடிக்கே வரவழைத்து ஒரு மணி நேரம் கேட்கலாம். கூலியைக் கலைஞர்களின் கையிலேயே கொடுங்கள்.

சாப்பாட்டுக்குச் சிரமமே இல்லை, சைவம் எங்கும் கிடைக்கும். கேர் சாங்ரி கட்டாயம் சாப்பிடுங்கள்: வன்னி மரத்தின் காயும் ஒரு முட்செடியின் பழமும் உலர்த்திச் சமைத்தது, பஞ்ச காலத்தில் மக்களைக் காப்பாற்றிய உணவு. காரம் பெற்றோருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கம்பு ரொட்டியும் 'கடி' என்ற மோர்க்குழம்பும் போதும். கோட்டுவா லட்டு வாங்காமல் வராதீர்கள்.

ரயிலடியிலோ பஸ் நிலையத்திலோ நம்ப முடியாத விலைக்கு அறை தருகிறேன் என்று யாராவது வந்தால் விலகிப் போங்கள். அறை மலிவாக இருக்கும். ஒட்டகச் சவாரியை அவர்களிடமே வாங்க மறுத்தால் பேச்சின் தொனி மாறிவிடும். அறையையும் சவாரியையும் தனித்தனியாகவே பேசுங்கள்.

சென்னையிலிருந்து ஜோத்பூர் வரை நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து ஜெய்சால்மேருக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம். பகல் ரயிலாக இருந்தால் மரங்கள் மெல்லக் குறைந்து மணல் கூடிவருவதைச் சன்னல் வழியே பார்க்கலாம். மூன்றாவது இரவு கிடைத்தால் அதை முகாமில் செலவிடாமல், காலையில் கிளம்பி 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனோட் மாதா கோயிலுக்கும் 1971 டிசம்பரில் போர் நடந்த லோங்கேவாலாவுக்கும் போய்வாருங்கள். ஒரு முழு நாள் பயணம். அந்த வாரத்தில் ஜோத்பூர் ரயிலுக்கும் நல்ல விடுதிகளுக்கும் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும், ஆகவே இந்த வாரமே முன்பதிவைத் தொடங்குங்கள்; பெற்றோருக்கு வெந்நீர் வருகிற, தரைத்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.